சிமென்ட் ஜாலி வந்த வழி

ஆழ்வார்பேட்டையின் உள்தெருக்களில் அறுபதுகளில் கட்டிய வீடு ஏதாவது மிஞ்சியிருந்தால் அதன் மாடிப்படிச் சுவரைப் பாருங்கள். பூவும் வட்டமும் சதுரமுமாகத் துளைவிட்ட சிமென்ட் ஜாலி இருக்கும். அதன் பூர்வீகத்தைத் தேடினால் பிரேசிலுக்கே போகவேண்டியிருக்கிறது.

அங்கே ரெசிஃபே துறைமுக நகரில் 1929இல் கோயிம்ப்ரா, போக்மன், கோயிஸ் என்ற மூவர் துளையுள்ள சிமென்ட் கல்லுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். தங்கள் பெயர்களின் முதல் அசைகளைக் கோத்து ‘கொபொகோ’ என்று அழைத்தார்கள். அரபு வீடுகளின் மரச் சல்லடை ஜன்னலைப் போர்ச்சுகீசியர் ஏற்கெனவே அங்கே கொண்டுபோயிருந்தார்கள். இது அதன் சிமென்ட் வாரிசு. அதே போர்ச்சுகீசியர்தான் 16ஆம் நூற்றாண்டில் நம் சாந்தோமிலும் குடியேறினார்கள். ஆனாலும் கொபொகோ அந்தக் குறுக்குவழியில் வராமல் உலகையே சுற்றிக்கொண்டு வந்தது.

1943இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பிரேசில் கட்டடங்களைக் காட்சிக்கு வைத்தது. வெயில் நாட்டில் நவீனக் கட்டடம் எப்படி இருக்கலாம் என்று உலகம் அப்போதுதான் பார்த்தது. போர் முடிந்ததும் மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதி நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகத்தைத் துளைச் சுவர்களோடு கட்டினார்கள்.

அவர்களை இந்தியாவுக்கு இழுத்தது ஒரு விபத்து. சண்டிகரைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த மேத்யூ நோவிட்ஸ்கி 1950இல் எகிப்தில் விமானம் விழுந்து இறந்தார். மாற்று ஆள் தேடி அதிகாரிகள் தாப்பரும் வர்மாவும் ஐரோப்பா போனார்கள். லெ கொர்புசியேயும் ஃப்ரை தம்பதியும் வந்து சேர்ந்தார்கள். அரசு ஊழியர் குடியிருப்புகளுக்குப் பணம் கம்மி. செங்கல்லையே இடைவெளிவிட்டு அடுக்கி ஜாலியாக்கினார்கள்.

பிறகு நகல்களின் காலம். 1959இல் திறந்த டெல்லி அமெரிக்கத் தூதரகத்தை எட்வர்ட் டியூரெல் ஸ்டோன் சல்லடைச் சுவரால் சூழ்ந்தார். அதில் சொக்கிப்போன அமெரிக்கர்கள் மோட்டல்களுக்கும் வீட்டு முகப்புகளுக்கும் துளைக்கல்லை வார்த்துத் தள்ளினார்கள். ஆக்ராவில் முகலாயர் பளிங்கில் செதுக்கியது கலிபோர்னியாவில் சிமென்டில் விற்றது!

சென்னையில் இது பரவப் பெரிய கட்டடக்கலைஞர்கள் தேவைப்படவில்லை. ஓர் அச்சு, மணல், சிமென்ட், நீராற்றத் தொட்டி போதும். ஒரு வீட்டில் பார்த்த டிசைனைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், மேஸ்திரி வார்த்துக் கொடுப்பார். உப்புக் காற்றில் இரும்பு கிரில் துருப்பிடிக்கும் ஊருக்கு இது ஏற்ற பொருள். மாலைக் கடற்காற்று படிவழியே ஏறி வீடெங்கும் பரவும். இப்போதோ படிக்கட்டைக் கண்ணாடியால் அடைத்துவிட்டுப் பட்டப்பகலில் விளக்கெரிக்கிறோம். எனக்கு இது பெரிய நஷ்டமாகவே படுகிறது.

பழைய வீட்டை பில்டரிடம் கொடுக்கப்போகிறவர்கள், புதுக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு ஜாலி வைக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.