நீர்மூழ்கிக் கப்பலின் உதிரிப்பாகங்களிலிருந்து 24 பிட் வரை

நல்ல ஒலி எது என்ற வாதம் தமிழ் இசை ரசிகர்களிடையே மீண்டும் சூடு பிடித்திருக்கிறது. ஸ்பொட்டிஃபை போதுமா, அப்பிள் மியூசிக் மேலானதா, டைடலுக்கும் கோபஸுக்கும் பணம் கட்டுவது தகுமா என்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் வெள்ளவத்தையிலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். எனக்கும் அவ்வப்போது இந்தக் கேள்வி வருகிறது. பத்திரிகைக்காரனிடம் எதையும் கேட்கலாம் என்று நம் மக்கள் நினைப்பது எனக்குப் பழகிப்போன ஒன்றுதான். ஆனால் கொழும்பு நகரம் நூறு ஆண்டுகளாக எப்படிக் கேட்டு வந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. இன்றைய வாதத்தில் புதிதாக இருப்பது எண்கள் மட்டுமே.

1924ஆம் ஆண்டு கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டு இசை சோதனையாக ஒலிபரப்பப்பட்டது. தந்தித் திணைக்களத்துக்குப் பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர்தான் அதன் சூத்திரதாரி. அதற்கான ஒலிபரப்புக் கருவி, முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனத்தின் பாகங்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1925 டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. பி.பி.சி. தோன்றி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே இந்த ஊரில் கம்பியில்லாமல் வந்த முதல் இசை, போர்க் கருவியின் எச்சங்களிலிருந்து பிறந்தது. தட்டு உராயும் சத்தத்தோடும் இரைச்சலோடும் வந்த அந்த இசையைக் கேட்டவர்கள் தரம் குறைவு என்று முறையிட்டிருப்பார்களா? நிச்சயமாக இல்லை. இசை வீட்டுக்குள் வந்து சேர்ந்ததே அன்று பெரும் அதிசயம்.

இரண்டாம் உலகப் போர் இன்னொரு கொடையை விட்டுச் சென்றது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளையகம் தன் படையினருக்காக நடத்திய ‘ரேடியோ சியாக்’ நிலையம், போர் முடிந்த சில ஆண்டுகளில் இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஏக்கலையிலிருந்த ஆற்றல் மிக்க சிற்றலைக் கருவிகளோடு 1949இல் ரேடியோ சிலோன் உருவானது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரையிசையை ஒதுக்கித் தள்ளினார். அதே ஆண்டில் ரேடியோ சிலோனில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ பிறந்தது. விந்திய மலைக்கு அப்பாலும் இப்பாலும் வானொலிப் பெட்டிகளின் முள் கொழும்பை நோக்கித் திரும்பியது. 1957இல் ‘விவித் பாரதி’ தோன்றியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

தமிழில் எஸ்.பி.மயில்வாகனம் தொடங்கி கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் வரை அந்தக் குரல்களைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு விடிந்த காலைகளைப் பற்றித் தமிழகத்து நண்பர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். ஆனால் ஒலித்தரத்தின் பக்கத்திலிருந்து ஒருவரும் அந்தக் காலத்தை எடைபோடுவதில்லை.

எடைபோட்டால் கிடைக்கும் கணக்கு இது. சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டவை. நடைமுறையில் ஏறத்தாழ 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி கேட்பவரை வந்தடைவதில்லை. மனிதச் செவியின் எல்லையோ 20 கிலோஹேர்ட்ஸ் வரை. வயலினின் மினுக்கமும், மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் விரலின் கூர்மையும், தாளத்தின் கிணுகிணுப்பும் பெருமளவு இந்த எல்லைக்கு மேலேதான் வாழ்கின்றன. போதாக்குறைக்கு அலை ஏறி இறங்கும். பக்கத்து நிலையம் ஊடுருவும். மழை இடித்தால் பாட்டும் இடிக்கும். இருந்தும் கோடிக்கணக்கானோர் அந்த ஒலிக்காகக் காத்திருந்தார்கள். தேர்ந்தெடுத்த பாடலும், அதை அறிமுகம் செய்த குரலும், அலமாரியில் ஒழுங்காக வைக்கப்பட்ட இசைத்தட்டுக் களஞ்சியமும் ஒலியின் குறையை ஈடு செய்தன. 1967இல் ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமாக மாறிய பின்னரும், 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் பெற்ற பின்னரும், அதன் உண்மையான செல்வம் அந்தக் களஞ்சியமே.

அடுத்த அத்தியாயம் பொருளாதாரம் எழுதியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளிநாட்டு வானொலிப் பெட்டி வைத்திருப்பதே அந்தஸ்தாகக் கருதப்பட்ட காலம் அது. 1977இல் ஜே.ஆர்.ஜயவர்தனவின் அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் யப்பானிய கசற் ரேடியோக்கள் வெள்ளமாக வந்திறங்கின. பிலிப்ஸ் நிறுவனம் கசற்றை அறிமுகப்படுத்தியது 1963இல். நம் வீடுகளுக்கு அது உண்மையாக வந்து சேர்ந்தது இந்தக் கதவு திறந்த பின்னர்தான். வளைகுடாவுக்கு உழைக்கப் போனவர்கள் விடுமுறையில் வரும்போது தோளில் சுமந்து வந்தவையும் அவற்றுள் அடங்கும்.

எண்பதுகளில் பள்ளி மாணவனாக இருந்த என் தலைமுறைக்கு இசை என்றால் ‘ரெக்கோர்டிங் பார்’தான். வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் அத்தகைய கடைகள் இருந்தன. வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, 60 அல்லது 90 நிமிட வெற்று கசற் ஒன்றைத் தெரிவு செய்துவிட்டால், சில நாட்களில் பதிவு செய்து தருவார்கள். எங்கள் அன்றைய ஒலித்தர வாதம் முழுவதும் அந்தக் கடைகளில்தான் நிகழ்ந்தது. டி.டி.கே.யா மக்ஸெலா, சாதாரண நாடாவா குரோம் நாடாவா, டொல்பி போட்டுப் பதிவதா வேண்டாமா? இன்று பிட் கணக்கைப் பற்றி எழும் கேள்விகளுக்கும் அவற்றுக்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. அனுபவசாலிகள் மட்டும் முதலில் வேறொன்றைக் கேட்பார்கள்: “அண்ணை, எதிலயிருந்து பதியிறியள்? எல்.பி.யிலயிருந்தா, இன்னொரு கசற்றிலயிருந்தா?”

அந்தக் கேள்வியே எல்லாவற்றுக்கும் மூலம். இசைத்தட்டிலிருந்து பதிந்தால் அது முதற்பிரதி. அதிலிருந்து பதிந்தால் இரண்டாம் பிரதி. ஒவ்வொரு படியிலும் நாடாவின் இரைச்சல் கூடும். உச்ச ஒலிகள் மழுங்கும். நான்காம் பிரதியை எவ்வளவு விலையுயர்ந்த நாடாவில் பதிந்தாலும் அது நான்காம் பிரதிதான்.

1982இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சந்தைக்குக் கொண்டுவந்த சீ.டி. இந்தப் பிரதித் தேய்வை ஒழித்தது. விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடங்கள்; பெருக்கினால் விநாடிக்கு 1,411 கிலோபிட். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எம்.பி.3 முறை, செவி கவனிக்காது என்று கணித்த பகுதிகளைக் கழித்து, இதைப் பத்தில் ஒரு பங்காகக்கூடச் சுருக்கியது. 2001இல் வெளிவந்த ஃபிளாக் முறையோ எதையும் கழிக்காமல், ஏறத்தாழ பாதியளவுக்குச் சுருக்கியது. இன்றைய இசைச் சேவைகளின் போட்டி முழுவதும் இவ்விரு வழிகளுக்கிடையிலான போட்டியே.

அந்தப் போட்டியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007இல் பிரான்சில் தொடங்கிய கோபஸ், தரத்தையே முதலாகக் கொண்டு, 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் வரை வழங்க முன்வந்தது. 2014இல் வந்த டைடல், சீ.டி. தரத்துக்கு இரட்டிப்பு விலை கேட்டது. 2017இல் எம்.கியூ.ஏ. என்ற மடிப்பு முறையைத் தழுவியது. அந்த முறை உண்மையில் எதையும் இழக்காததா என்பது நீண்ட சர்ச்சையானது. எம்.கியூ.ஏ. நிறுவனம் 2023இல் நொடித்தது. 2024இல் டைடல் ஃபிளாக்குக்கு மாறி, விலையையும் குறைத்தது. அமேசன் 2019இல் உயர்தரச் சேவையைத் தனிக்கட்டணத்தோடு தொடங்கியது. 2021இல் அப்பிள், இழப்பற்ற ஒலியை மேலதிகக் கட்டணமின்றித் தருவதாக அறிவித்ததும் அமேசனும் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது.

ஸ்பொட்டிஃபையின் கதை நமக்கு நெருக்கமானது. 2021 பெப்ரவரி 22ஆம் திகதி அந்த நிறுவனம் இரண்டு அறிவிப்புகளை ஒன்றாக வெளியிட்டது. ஒன்று, இலங்கை உட்பட எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் சேவையை விரிப்பது, மற்றது, சீ.டி. தரத்தில் இசை தருவது. முதல் வாக்குறுதி உடனே நிறைவேறியது. இரண்டாவது 2025 செப்டெம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட நான்கரை ஆண்டுகளில் இந்நாடு 2022இன் கடன் முறிவையும் ரூபாயின் வீழ்ச்சியையும் எரிபொருள் வரிசைகளையும் பார்த்துவிட்டது. 320 கிலோபிட் போதாது என்று கவலைப்பட இங்கே எவருக்கும் நேரமிருக்கவில்லை.

சரி, காதுக்கு வேறுபாடு தெரிகிறதா? 2007இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்க ஆய்விதழில் மேயரும் மொரானும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவையும், அதையே சீ.டி. தரத்துக்குக் குறைத்து வந்த ஒலியையும், எது எதுவென்று சொல்லாமல் கேட்கச் செய்தார்கள். 554 முறைகளில் 276 முறை மட்டுமே சரியான விடை வந்தது. நாணயத்தைச் சுண்டினாலும் அதுதான் கிடைத்திருக்கும். 2016இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான விடைகள் 52.3 வீதம், விரிவான பயிற்சி பெற்றவர்களிடம் இது கணிசமாகக் கூடியது. வேறுபாடு இருக்கலாம், ஆனால் அது மயிரிழை.

இனி ஒருகொடவத்தைக்கு வருவோம். பேஸ்லைன் வீதியும் கொள்கலன் முற்றங்களும், 2021இல் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்துக்கு ஏறும் வழியும் சூழ்ந்த இந்தப் பகுதியில் நள்ளிரவிலும் லொறிகள் ஓய்வதில்லை. 16 பிட் ஒலியில் மிக மெல்லியதற்கும் மிக உரத்ததற்கும் இடையில் 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கும். 24 பிட்டில் கணக்குப்படி 144. ஒரு கொள்கலன் வண்டி திரும்பும்போது எழும் சத்தத்தின் மேல் அந்த மேலதிக 48 டெசிபெலை எங்கே தேடுவது? அதற்கு மேல், புளூடூத் செவிப்பொறியில் கேட்பவர்களுக்கு இழப்பற்ற ஒலி பெரும்பாலும் முழுமையாகச் சென்று சேர்வதேயில்லை. கம்பியில்லா வழியில் அது மீண்டும் சுருக்கப்படுகிறது. ஐம்பதைக் கடந்த காதுகள் உச்ச ஒலிகளைத் தாமாகவே கழித்துவிடுகின்றன என்பதையும் என் வயதினர் மறக்கலாகாது.

ஆகவே சேவைகளுக்கிடையே தேர்வு செய்ய விரும்புவோருக்கு என் யோசனை எளியது. நீங்கள் நன்கறிந்த ஒரு பாடலை இரண்டிலும் ஒரே உரப்பில் வைத்துக் கேளுங்கள். உரப்புக் கூடினால் தரம் கூடியதாகக் காது ஏமாறும். பிறகு உங்களுக்கு வேண்டிய ஐம்பது பழைய பாடல்களின் பட்டியலை எழுதி, எந்தச் சேவையில் அவை இருக்கின்றன, எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று பாருங்கள். 78 சுழற்சித் தட்டிலிருந்து கசற்றுக்கும், கசற்றிலிருந்து கணினிக்கும் வந்த பாடலை 24 பிட் பெட்டியில் அடைத்தால், அந்த இரைச்சல் 24 பிட் துல்லியத்தில் கேட்கும். அவ்வளவுதான். ரெக்கோர்டிங் பார் அனுபவசாலியின் கேள்வி இன்றும் செல்லுபடியாகிறது.

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. திரையிசையைக் காக்க நிறுவனங்கள் உண்டு, வியாபாரம் உண்டு. ஈழத்து மெல்லிசைக்கும், வானொலி நாடகங்களுக்கும், கோயில் திருவிழாவில் எவரோ பதிந்த நாதஸ்வரத்துக்கும் யார் இருக்கிறார்கள்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏடுகளையும் நூல்களையும் எண்ணி அழுதோம். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது அவற்றோடு போன நாடாக்களை எண்ண எவருமில்லை. பின்னர் வந்த இடப்பெயர்வுகளில் எத்தனை கசற்றுகள் கைவிடப்பட்டன என்பதற்கும் கணக்கில்லை. எஞ்சியவை இன்று ஸ்கார்பரோவிலும் ஹரோவிலும் கொட்டாஞ்சேனையிலும் அலமாரிகளின் அடியில் கிடக்கின்றன. கொழும்பின் ஈரப்பதத்தில் நாடாவுக்குப் பூஞ்சணம் பிடிக்கிறது. அதை ஓட்டும் நல்ல கருவியும், கருவியைத் திருத்தத் தெரிந்தவரும் ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகிறார்கள்.

கேட்பதற்கு மிகையான அந்த உயர்ந்த எண்களுக்கு உரிய இடம் இதுதான். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம், பழைய நாடாக்களை 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் எண்ணிமப்படுத்துமாறு பரிந்துரைக்கிறது. பின்னொரு நாளில் இரைச்சலை நீக்கவும் பழுதைத் திருத்தவும் அந்த மேலதிகத் துல்லியம் உதவும். நாடாவை இரண்டாவது முறை ஓட்ட வாய்ப்புக் கிடைக்காமலே போகலாம் என்பது இன்னொரு காரணம். சேவைக்கு மாதாமாதம் கட்டும் சந்தாவில் சில மாதத் தொகையைச் சேர்த்தால், வீட்டிலுள்ள பத்துக் கசற்றுகளை எண்ணிமப்படுத்திவிடலாம். ஒரு பிரதியை உறவினரிடமும் கொடுத்து வையுங்கள். எது யாருடைய குரல், எந்த ஆண்டு, எந்தக் கோயில் என்று கூடவே எழுதி வையுங்கள். தரமான திரையிசை நாளைக்கும் கிடைக்கும், நாளை மறுநாளும் கிடைக்கும். உங்கள் அலமாரியில் கிடக்கும் அந்த நாடாவுக்கு இரண்டாம் பிரதி உலகில் எங்கும் இல்லை.