கல்லூரிச் சாலையும் கண்ணின் பின்சுவரும்

கண்ணில் கோளாறு என்றால் மெயின்லேண்டுக்குக் கப்பலேறுவது நம் அந்தமான் நிக்கோபார் தீவுக் குடும்பங்களுக்குப் பழகிய செய்தி. அவர்களில் பலர் போய்ச் சேரும் இடம் சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை, சங்கர நேத்ராலயா.

1978 செப்டம்பர் 6-இல் அதைத் தொடங்கிய டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத், பாஸ்டனில் சார்லஸ் ஷெபன்ஸிடம் விழித்திரை மருத்துவம் பயின்று திரும்பியவர். அவருடைய துறையே மருத்துவமனையின் பலமும் ஆயிற்று. 2023 நவம்பரில் அவர் மறைந்தார்.

விழித்திரையைப் படமெடுக்கச் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்ததும் முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்வார்கள். பளிச்சென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். பிறகு சில மணி நேரம் பேப்பர் படிக்க முடியாது. திரையில் செம்மஞ்சள் வட்டம் தெரியும். அதன் ஒரு பக்கம் வெளிர்மஞ்சள் நரம்புத்தட்டு. அங்கிருந்து மெலிந்த தமனிகளும் சற்றுக் கறுத்த சிரைகளும் கிளைவிடும். விழித்திரை, கருவில் மூளையிலிருந்தே முளைத்த திசு. கத்தி வைக்காமல் ரத்தக் குழாய்களை இப்படி நேரில் பார்க்க உடம்பில் கிடைக்கும் அரிய இடம்.

இந்தப் படங்கள் சர்க்கரை நோயாளிகளுக்கு முக்கியமாக எடுக்கப்படுகின்றன. சென்னை நகரில் நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் இம்மருத்துவமனை நடத்திய ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் சுமார் 18 விழுக்காட்டினரின் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. 2016-இல் கூகுள் தன் கணினிக்கு விழித்திரைப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தபோது, அரவிந்த், நாராயணா நேத்ராலயா ஆகிய கண் மருத்துவமனைகளோடு சங்கர நேத்ராலயாவிலிருந்தும் படங்கள் போயின.

வியப்பு 2018-இல் வந்தது. வேறு நாட்டுப் படத் தொகுப்புகளைக் கொண்டு கூகுள் குழு செய்த சோதனையில், படத்தை வைத்தே ஆளின் வயதைச் சராசரியாக மூன்றேகால் ஆண்டுப் பிழைக்குள் கணினி சொல்லிவிட்டது. அதே ஆண்டு, பிரிட்டனில் 32,038 பேரை ஆராய்ந்ததில், விழித்திரை நரம்பிழைப் படலம் மெலிந்தவர்களுக்கு நினைவு, சிந்தனைச் சோதனைகளில் மதிப்பெண் குறைந்திருந்தது. பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையமும் கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் நாற்பத்தைந்து வயதைக் கடந்த கிராமத்தாரை ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆய்வில் விழித்திரைப் படத்தைச் சேர்த்திருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நம் ஊர் உணவும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கண்ட கண்கள் அவை. பிரிட்டன் கணக்கு அவற்றுக்கு அப்படியே பொருந்தும் என்று யார் உறுதி சொல்வது?

ஆனால் இவையெல்லாம் ஆய்வுகளே; படம் பார்த்து 'உங்களுக்கு மறதி நோய்' என்று சொல்லும் கருவி மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு இன்னும் வரவில்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

2020 ஆகஸ்ட் 10 முதல் சென்னையிலிருந்து வரும் கடலடி இணையக் கேபிள் நம் தீவுகளை இணைக்கிறது. கார் நிக்கோபாரும் கமோர்ட்டாவும் அதில் உண்டு. படம் எடுக்கும் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் இங்கே இருந்தால், பார்க்கும் டாக்டர் சென்னையிலேயே இருக்கலாம். ஆகவே தீவுவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் படம் எடுத்து, பழைய படங்களையும் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள்.