முந்நூறு பேரீச்சங்கன்றுகளும் சிறுமலை வாழையும்

 

ஒரே வேரிலிருந்து கிளைத்த பேரீச்ச மரங்களையும், தனித்து நிற்கும் பேரீச்ச மரங்களையும் தன் அத்தாட்சிகளாக அல்லாஹுத் தஆலா அர்ரஃது அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தில் நினைவூட்டுகின்றான். விதையின்றித் தாய் மரத்தின் அடியிலிருந்தே கன்று தோன்றுவதைப் பேரீச்சையில் அரபிகள் கண்டனர்.

விதையை நட்டால் ஏறத்தாழப் பாதி ஆண் மரங்களாகிவிடும்; கனியும் தாய் மரத்தைப் போல் அமையாது. ஆதலால் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுவதே வழக்கம். ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து மீள, 300 பேரீச்சங்கன்றுகளும் 40 ஊக்கியா தங்கமும் விலையாகப் பேசப்பட்டன. தோழர்கள் 30, 20, 15, 10 எனத் தத்தம் வசதிக்கேற்பக் கன்றுகளைக் கொணர்ந்தனர். ஸல்மான் (ரலி) குழி தோண்ட, நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் நட்டார்கள். அவற்றில் ஒன்றும் பட்டுப்போகவில்லை என்று முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. ஒரு மனிதரின் விடுதலைக்குத் தாய் மரங்களின் கன்றுகள் விலையாயின!

இக்கலையைப் பின்வந்த முஸ்லிம்கள் அறிவாக வளர்த்தனர். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்னும் நூலில் 585 தாவரங்களைப் பற்றி எழுதினார். மரங்களில் ஒட்டுக்கட்டும் முறைகளையும் விளக்கினார். நமது நத்தம் வட்டாரத்து மாந்தோப்புகளில் நிற்கும் ஒட்டு மரங்களும் அதே அடிப்படையில் உருவானவையே. கொட்டையிலிருந்து முளைத்த கன்றின் தண்டில், நல்ல தாய் மரத்தின் குச்சியைப் பொருத்திக் கட்டுகின்றனர். இரண்டும் ஒன்றிணைந்தபின் வேர் ஒன்றாகவும் கனி மற்றொன்றாகவும் அமைகின்றது.

எனினும் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தாயின் நற்குணம் கன்றுக்கு வருவதுபோல், தாயின் நோயும் வந்துவிடும். நமக்கு அருகிலுள்ள சிறுமலையின் மலைவாழை இதற்குச் சான்று. 1970களில் முடிக்கொத்து நோய் பரவி, மலைவாழைத் தோட்டங்கள் பெருமளவு அழிந்தன. அந்நோயின் நச்சுயிரியை அசுவினிப் பூச்சி ஒரு வாழையிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும். நோயுற்ற தாயின் பக்கக்கன்றோ, கண்ணுக்குப் பசுமையாகத் தோன்றினும், நோயைச் சுமந்தே அடுத்த தோட்டத்தை அடையும். பின்னர் விஞ்ஞானிகள் நுனிக்குருத்தின் நுண்ணிய பகுதியை எடுத்துத் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உருவாக்கினர். 2008இல் சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அன்பர்களே! கன்று கொடுப்பதும் ஓர் அமானிதமே. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். நோயை அறிந்தே மறைத்துக் கன்றை விற்பவரின் நிலையும் அதுவன்றோ? தானியம் ஒரு வீட்டோடு முடியும்; கன்றோ ஊர்த் தோட்டங்களையே அழிக்கும். அன்றியும், நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ உண்பது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழி. அந்த நன்மையை நாடுவோர் நல்ல தாயைத் தேர்ந்து, தூய கன்றையே பிறருக்கு அளிப்பார்களாக!

வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.