சாம் மில்ஸ்: உயரக் குறைவும் லைன்பேக்கர் கலையும்

1. ஆய்வுப் பொருள்

அமெரிக்கக் கால்பந்தில் தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னே நிற்பவர் லைன்பேக்கர். எதிரணி பந்தோடு ஓடிவந்தால் மோதிச் சாய்க்க வேண்டும். உயர எறிந்தால் பின்வாங்கித் தடுக்க வேண்டும். ஆறடிக்குக் குறைந்தவருக்கு இது ஆகாது என்பது தேர்வாளர்களின் பழங்கணக்கு. அது பொய்த்த இடத்துக்குச் சான்று, 5 அடி 9 அங்குல சாம் மில்ஸ் (1959–2005).

2. தள்ளுபடி

நியூ ஜெர்சிக்காரர், மான்ட்கிளேர் ஸ்டேட் என்ற சிறு கல்லூரியில் ஆடியவர். 1981இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸும், மறு ஆண்டு கனடாவின் டொராண்டோ ஆர்கோநாட்ஸும் அவரைக் கழித்துவிட்டன. பள்ளி ஆசிரியரானார். முதன்மை லீக்கான என்எஃப்எல்லுக்கு எதிராக 1983இல் தொடங்கிய யுஎஸ்எஃப்எல் என்ற போட்டி லீக்தான் கதவைத் திறந்தது. அங்கே அவர் ஆடிய ஸ்டார்ஸ் அணி இருமுறை பட்டம் வென்றது. அதன் பயிற்சியாளர் ஜிம் மோரா 1986இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்குப் போனபோது மில்ஸையும் கூட்டிச் சென்றார்.

3. தாழ்வின் பயன்

மோதலில் யாருடைய தோள் கீழே இருக்கிறதோ அவருக்கே பிடிமானம். ஆறேகால் அடி ஆள் முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கித்தான் அந்த நிலைக்கு வர முடியும். மில்ஸ் நின்றாலே பாதி வேலை முடிந்திருக்கும். எதிராளியின் நெஞ்சுக்கடியில் தோளைக் கொடுத்து நெம்பிவிடுவார். ஆனால் குள்ளம் மட்டுமே காரணமென்றால் குள்ளர்களெல்லாம் ஆடியிருப்பார்களே! பந்து நகருமுன்பே ஆட்டம் எப்பக்கம் திரும்பும் என்று படிக்கிற கண் அவருக்கு இருந்தது. 1992 பருவத்தில் செயின்ட்ஸின் நான்கு லைன்பேக்கர்களுமே புரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். அவர்களில் மில்ஸும் ஒருவர்.

4. ஒரு பந்து

மில்ஸ் அடுத்துச் சேர்ந்த, 1995இல் ஆடத் தொடங்கிய கரோலினா பாந்தர்ஸ் முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. அக்டோபர் 15 அன்று நியூயார்க் ஜெட்ஸின் பபி பிரிஸ்டர், நெருக்கடியில் பந்தை முன்னால் நின்றவருக்கு மெல்லத் தள்ளிவிடப் பார்த்தார். குறுக்கே மில்ஸின் கை. பிடித்த பந்தோடு 36 யார்டு ஓடி டச்டவுன்! அணியின் வரலாற்றில் முதல் வெற்றி அன்றுதான். ஓடியவருக்கு வயது 36.

5. பின்னாட்கள்

1997 பருவத்தோடு ஆட்டத்தை விட்டு, அதே அணிக்குப் பயிற்சியாளரானார். 2003இல் குடல் புற்றுநோய். சிகிச்சைக்கு நடுவே, டல்லாஸுடனான பிளேஆஃப் ஆட்டத்துக்குமுன் வீரர்களிடம் பேசினார்: ‘கீப் பவுண்டிங்’, விடாமல் இடித்துக்கொண்டேயிருங்கள். அந்தப் பருவத்தில் அணி சூப்பர் பவுல் இறுதியாட்டம் வரை போய்த் தோற்றது. 2005 ஏப்ரலில் மில்ஸ் மறைந்தார். ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொள்ள 2022 வரை பிடித்தது. பாந்தர்ஸ் அவ்வளவு காத்திருக்கவில்லை. அவருடைய 51ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று முன்பே முடிவுசெய்துவிட்டது. மற்ற எண்களின் சட்டைகளில், கழுத்துப்பட்டிக்கு உட்புறம், அவர் சொன்ன அந்த இரண்டு சொற்களைத் தைத்திருக்கிறார்கள்.