தீவின் பெயர் விளக்கானது

பிரெஞ்சில் ‘ஃபார்’, இத்தாலியிலும் ஸ்பானியத்திலும் ‘ஃபாரோ’, போர்த்துகீசியத்தில் ‘ஃபரோல்’. கலங்கரை விளக்கத்தைக் குறிக்கும் இச்சொற்கள் யாவும் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு எதிரே கிடந்த ஃபாரோஸ் என்ற சிறு தீவின் பெயரில் பிறந்தவை. ஒளியைக் குறிக்கும் ‘ஃபோஸ்’ என்ற கிரேக்கச் சொல் ஒலியில் நெருங்கி வருவதால், அங்கே கலங்கரை விளக்கம் எழுந்த பிறகே தீவுக்கு அப்பெயர் வந்தது என்று எண்ணத் தோன்றும். காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. சோஸ்திராதோஸ் என்ற கிரேக்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தக் கோபுரம் எழுந்தது கி.மு. 280ஐ ஒட்டி, ஃபாரோஸோ அதற்கு மிக முந்திய ஒடிசியிலேயே இருக்கிறது. ஹோமர் அத்தீவை எகிப்திலிருந்து ஒரு பகல் முழுக்கப் பாய் விரித்தோடும் தொலைவில் வைக்கிறாரே, உண்மைத் தீவு கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில்தானே இருந்தது, அது வேறு தீவாக இருக்கக் கூடாதா? நியாயமான கேள்விதான். ஆனால் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், மரேயா என்ற எகிப்திய ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஃபாரோஸைத்தான் அடையாளம் காட்டுகிறார். மரேயா பின்னாளைய அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்து ஊர். ஆகவே விளக்குதான் தீவிடம் பெயர் வாங்கியது.

வாங்கிய பெயர் பொதுப்பெயராக மாறியதற்கு ரோமானியர் முக்கியக் காரணம். ஒஸ்தியா துறைமுக வாயிலில் பேரரசர் கிளாடியஸ், ஃபாரோஸை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு கோபுரம் எழுப்பினார். அதற்கு அடித்தளம் போட்ட விதம் வியப்பானது. எகிப்திலிருந்து பெரிய ஒற்றைக்கல் தூண் ஒன்றை ஏற்றி வந்த கப்பலைக் கடலில் அமிழ்த்தி, அதன்மேல் கட்டினார்கள். (அந்தத் தூண் இன்று வாத்திகனில் புனித பேதுரு சதுக்கத்தின் நடுவே நிற்கிறது.) தீவு இல்லாத இடத்தில் தீவையே செய்து, அதன்மேல் விளக்கை வைத்துவிட்டார்கள். இனி அந்தப் பெயருக்குப் பழைய தீவு தேவைப்படவில்லை.

தமிழ்ச்சொல் வேறு வழியில் வந்தது. சிலப்பதிகாரத்தில் உள்ள ‘கலங்கரை விளக்கம்’ இடத்தால் பெற்ற பெயர் அன்று, தொழிலால் பெற்ற பெயர். ‘கரை’ என்பது கடற்கரைதானே என்று பலர் கொள்கிறார்கள். அப்படியானால் ‘கரைவிளக்கு’ என்றாலே போதும், முன்னே ‘கலம்’ எதற்கு? பெரும்பாணாற்றுப்படை ஐயத்தையே தீர்த்துவிடுகிறது. இரவில் உயர்ந்த மாடத்தில் ஏற்றிய தீ, கடலில் ஓடும் கலங்களைக் ‘கரையும்’ என்று அங்கே அது வினையாகவே வருகிறது. காக்கை கரைவதும் அந்தக் கரைதல்தான்: அழைத்தல்.

அழைப்பது யார் என்று சொல்ல மட்டும் அந்நாளைய தீயால் முடியவில்லை. ஃபாரோஸின் தீ இடைவிடாது எரிவதால் தொலைவிலுள்ள மாலுமி அதை விண்மீன் என்று மயங்கக்கூடும் என முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எச்சரித்தார். சுழலும் விளக்குகள் வந்த பின்னரே அந்த மயக்கம் தீர வழி பிறந்தது. 1823இல் பிரான்சின் ஜிரோந்து கழிமுகத்தில், பாறைமேல் நிற்கும் கொர்துவான் விளக்கில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனெல் தம் வில்லையைப் பொருத்தினார். கண்ணாடிப் பட்டகங்கள் ஒளியைக் கற்றைகளாகத் திரட்ட, வில்லை சுழலச் சுழல மாலுமியின் கண்ணுக்கு ஒளி வந்து வந்து மறைந்தது. அந்த இடைவெளியை எண்ணி, எந்த விளக்கு என்று அவர் அறியலாம். ஊர்ப்பெயரை இழந்து பொதுப்பெயரான விளக்கு, தன் ஊரைச் சொல்ல இப்படி மறுபடி கற்றுக்கொண்டது. இதற்கிடையே ‘ஃபார்’ என்ற சொல் கடலை விட்டு இறங்கி, பிரெஞ்சுக்காரர் வாயில் காரின் முன்விளக்காகவும் ஆகிவிட்டது. கலத்தையும் அழைப்பையும் உள்ளே வைத்திருக்கும் தமிழ்ச்சொல்லைக் காருக்கு மாட்ட முடியாது.