குத்துமயக்கமும் தொழில்நோயும்: வீரர்தம் தலைக்காயம் பெற்ற பெயர்கள்

தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடி, பல்லாண்டுகள் கழித்து விளையாட்டு வீரரின் நினைவையும் நடையையும் பேச்சையும் சிதைக்கும் என்பது அண்மைக்காலக் கண்டுபிடிப்பு அன்று. நியூ ஜெர்சியில் மரண ஆய்வு மருத்துவராக இருந்த ஹாரிசன் மார்ட்லாண்ட் 1928இலேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இதனைப் பதிவு செய்தார். குத்துச்சண்டை வட்டாரத்தில் வழங்கிய ‘பஞ்ச் டிரங்க்’ என்ற தொடரையே அவர் தலைப்பாக்கினார். குத்துப்பட்டுக் குடிகாரரைப் போலத் தள்ளாடுபவர் என்பது அதன் பொருள். ஏளனம் கலந்த சொல்.

கடிகார முகப்புகளில் ரேடியச் சாயம் தீட்டிய பெண்கள் நஞ்சேறி நலிந்ததை மெய்ப்பித்தவர்களுள் ஒருவரும் இதே மார்ட்லாண்டே. அப்பெண்களுள் ஐவர் வழக்காடி 1928இல் இழப்பீடும் பெற்றனர். அவர்கள் தொழிலாளர், குத்துச்சண்டை வீரரோ விரும்பி அடிவாங்குபவராகவே கருதப்பட்டார்.

1937இல் ‘டிமென்ஷியா பியூஜிலிஸ்டிகா’ என்ற இலத்தீன் பெயர் வந்தது. ஏளனம் நீங்கியது, ஆயினும் இது குத்துச்சண்டையர்க்கு மட்டுமே உரிய மறதிநோய் என்ற வரையறை பெயருக்குள்ளேயே அமைந்துவிட்டது. 1973இல் கார்செல்லிஸ் குழுவினர் 15 குத்துச்சண்டையரின் மூளைகளை ஆராய்ந்து வெளியிட்டபோதும் கால்பந்து நிருவாகங்கள் அதனைத் தம் சிக்கலாகக் கொள்ளவில்லை. அதற்கு இப்பெயரும் ஒரு காரணம் எனலாம்.

தலையால் பந்தை முட்டிக் கோலடிப்பதில் பெயர்பெற்ற இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002இல் தம் 59ஆம் வயதில் இறந்தார். மரண விசாரணை அதிகாரி ‘தொழில்சார் நோயால் மரணம்’ எனத் தீர்ப்பளித்தார். மருத்துவப் பெயர்கள் நோயாளியைச் சுட்டின. இத்தீர்ப்போ வேலையைச் சுட்டியது. இவ்வரலாற்றின் திருப்பம் இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து. எனினும் தீர்ப்பு உடனே விதியாகவில்லை. ஆஸ்டிலின் மூளை 2014இல் மறு ஆய்வுக்கு உட்பட்டு, நாள்பட்ட அதிர்ச்சிசார் மூளைச்சிதைவு உறுதியானது. 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர் 7,676 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டது. நரம்புச்சிதைவு நோய்களால் நேர்ந்த இறப்பு வீரரிடையே ஏறத்தாழ மூன்றரை மடங்காக இருந்தது. இதய நோயால் இறந்தோர் அவர்களுள் குறைவு என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். பந்தை அரிதாகவே தலையால் தொடும் கோல்காப்பாளரிடம் இம்மிகுதி தெளிவாகப் புலப்படவில்லை என்றும், தடுப்பாட்டக்காரரிடமே அது மிக உயர்ந்திருந்தது என்றும் 2021இல் அதே குழு காட்டியது.

இதற்கிடையே 2020இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துச் சங்கங்கள் தொடக்கப்பள்ளி வயதினர்க்குப் பயிற்சியில் தலையால் முட்டுதலை விலக்கின. 2021–22 பருவம் முதல் இங்கிலாந்தின் தொழில்முறை வீரர்க்கு, வாரப் பயிற்சியில் விசை மிகுந்த முட்டுதல் 10ஐத் தாண்டலாகாது என்ற வழிகாட்டுதல் வந்தது. போட்டி நாளுக்கு அவ்வரம்பு பொருந்தாது.