டேங்க் (சொல்)

டேங்க் என்பது பல பொருள்களில் வழங்கும் ஓர் ஆங்கிலச் சொல் ஆகும். பொதுவாக நீர், எண்ணெய், வளிமம் முதலியவற்றைச் சேமிக்கும் கலம் அல்லது தொட்டியை இது குறிக்கும். போர் ஊர்தி ஒன்றுக்கும் இதுவே பெயர். இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கும் ஆங்கிலத்தில் ஏரி, குளம், கண்மாய், ஊருணி, தெப்பக்குளம் ஆகிய அனைத்தையும் இச்சொல் குறிக்கிறது. தமிழக நீர்நிலைகளைப் பற்றிய பழைய ஆங்கில ஆவணங்களைப் படிப்போர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இப்பொருளையே.

சொற்பிறப்பு

இச்சொல்லின் மூலம் குறித்து இரு கருத்துகள் உள்ளன. குசராத்தி, மராத்தி மொழிகளில் நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. 'தான்கே' என்னும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. அதன் வேர் தேங்கிய நீரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகும். இரண்டும் கலந்தே ஆங்கிலத்தில் நிலைபெற்றிருக்கலாம். யூல், பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளியான 'ஆப்சன்-யாப்சன்' அகராதியும் இச்சொல்லை விரிவாக ஆராய்கிறது.

வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் உள்ள 'தாங்கல்' என்ற சொல்லும் நீர்நிலையையே குறிப்பதால், டேங்க் அதிலிருந்து வந்தது எனச் சிலர் கருதுவர். இது ஒலி ஒப்புமை மட்டுமே. தாங்கல் என்பது 'தாங்கு' என்னும் தமிழ் வினையிலிருந்து பிறந்தது.

கரிசல் நாட்டில் பயன்பாடு

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய வறண்ட நிலமாகும். எம்.ரெட்டியபட்டி முதலிய ஊர்களைக் கொண்ட இப்பகுதியில் நீர்நிலைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பாசனத்திற்கு உரியது கண்மாய். இதற்குக் கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால், ஆயக்கட்டு ஆகியன இருக்கும். சிறிய கண்மாய் ஏந்தல் எனப்படும். குடிநீருக்கு உரியது ஊருணி. இதற்கு ஆயக்கட்டு இல்லை. இதில் குளிப்பதும் மாடு கழுவுவதும் வழக்கமாகத் தடுக்கப்பட்டிருந்தன. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் இடம்பெறும் பழஞ்சொல் இது. நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும் இவ்வட்டாரத்தில், ஊருணி வற்றினால் வயல் நிறையக் கிணறு இருந்தும் குடிக்க நீர் இராது.

ஆங்கிலேயர் கால ஆவணங்கள் இவை அனைத்தையும் பெரும்பாலும் டேங்க் என்றே எழுதின. இராமநாதபுரம் பெரிய கண்மாய் 'பிக் டேங்க்' ஆயிற்று. சென்னை மாகாணத்தில் 1883இல் தொடங்கிய கண்மாய்ச் சீரமைப்புத் திட்டமும் ஆங்கிலத்தில் டேங்க் என்ற சொல்லையே தாங்கியது. ஒரு கோப்பில் டேங்க் என்று மட்டும் இருந்தால் அது நெல் விளைவித்த நீரா, ஊர் குடித்த நீரா என்பதை ஆயக்கட்டுக் கணக்கைக் கொண்டே அறிய முடியும். நீர்நிலையின் உறுப்புகளுக்கோ ஆங்கிலத்தில் ஈடான சொல் கிடைக்கவில்லை போலும். கலுங்கு 'கலிங்குலா' என்றும் ஆயக்கட்டு 'அயகட்' என்றும் ஆங்கிலத்திற்குள் சென்றன.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின் அரசின் பொறுப்பிற்கு வந்தவை 'எக்ஸ்-ஜமீன் டேங்க்' எனக் குறிக்கப்பட்டன. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இவ்வகைக் கண்மாய்கள் மிகுதி. பொதுவாக 40 எக்டேருக்கு (100 ஏக்கர்) மேல் ஆயக்கட்டு உடையவை பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருந்தன. 2021இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிக்கப்பட்டது.

கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வந்த பிறகு இச்சொல் தமிழ்ப் பேச்சிலும் நுழைந்தது. ஆனால் வேறு பொருளில். இன்று சிற்றூர்களில் 'டேங்க்' என்றால் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியையே குறிக்கும். அதனை இயக்கும் ஊராட்சிப் பணியாளர் 'டேங்க் ஆபரேட்டர்' எனப்படுகிறார். கண்மாய் மடையைத் திறந்து அடைப்பவரின் பெயர் நீர்ப்பாய்ச்சி. கண்மாயை எவரும் தமிழில் டேங்க் என அழைப்பதில்லை. ஆதலால் ஓர் ஆங்கில அறிக்கையில் 'டேங்க்கைத் தூர்வாருதல்' என வருவதை இன்றைய மாணவர் ஒருவர் தொட்டி கழுவுதல் எனப் பொருள் கொள்ள இடமுண்டு.

சட்டத்தில்

2007ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏரிகளைப் பாதுகாக்கவும் அவற்றின் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் ஒரு சட்டம் இயற்றியது. இதன் ஆங்கிலப் பெயரிலும் டேங்க் என்ற சொல்லே உள்ளது. எனினும் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டிலும் மேலாண்மையிலும் உள்ள நீர்நிலைகளுக்காகவே அச்சட்டம் இயற்றப்பட்டது. பேச்சு வழக்கில் ஊருணியும் ஒன்றியக் கண்மாயும் ஆங்கிலத்தில் டேங்க் ஆனாலும், இச்சட்டத்தின் நோக்கில் அவை அவ்வாறு ஆகா. அவற்றின் ஆக்கிரமிப்புகளுக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் போன்ற பிற சட்டங்களையே நாட வேண்டும். வருவாய்ப் பதிவேட்டில் 'ஊருணி' என்றோ 'கண்மாய்' என்றோ தமிழில் உள்ள குறிப்பு இத்தகைய வழக்குகளில் முக்கியமாவது இதனால்தான்.

இலங்கையில்

இலங்கை ஆங்கிலத்திலும் குளங்கள் டேங்க் எனப்படுகின்றன. மன்னார் மாவட்டத்தின் கட்டுக்கரைக் குளம் ஆங்கிலத்தில் 'சயன்ட்ஸ் டேங்க்' ஆகும். ஆனால் கட்டப்பட்ட தொட்டியை இலங்கைத் தமிழர் 'தண்ணீர்த் தாங்கி' என்பர். ஆங்கில ஒலியை ஒட்டியும் தமிழில் பொருள் தரும்படியும் அமைந்த நல்ல ஆக்கம் இது. போர் ஊர்தியும் அங்கு 'யுத்த தாங்கி' எனவும் 'டாங்கி' எனவும் எழுதப்படுகிறது.

போர் ஊர்தி

முதல் உலகப் போரின்போது பிரித்தானியர் உருவாக்கிய கவச ஊர்தியை மறைக்க, அது தண்ணீர்த் தொட்டி எனச் சொல்லப்பட்டது. மறைபெயரே நிலைத்துவிட்டது. 1916 செப்டெம்பர் 15 அன்று பிரான்சில் சொம் சண்டையில் இவ்வூர்தி முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் ஆவடியிலுள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையில் விசயந்தா, அருச்சுன் முதலியவை தயாரிக்கப்பட்டன. தமிழில் பீரங்கி வண்டி என்றும் வழங்குவர்.

பிற பயன்பாடுகள்

எரிபொருள் கலம் 'பெட்ரோல் டேங்க்' எனவும், மீன் வளர்ப்புத் தொட்டி 'பிஷ் டேங்க்' எனவும் வழங்கும். 'திங்க் டேங்க்' என்பது கொள்கை ஆய்வு செய்யும் அமைப்பு. தமிழில் சிந்தனைக் குழாம் என்பர். வினையாக வரும்போது பங்கு விலை, திரைப்பட வசூல் போன்றவை கடுமையாகச் சரிவதைக் குறிக்கும். கையில்லா மேலாடையான 'டேங்க் டாப்' நீச்சல் குளத்தில் அணிந்த உடையிலிருந்து பெயர் பெற்றது. அங்கு டேங்க் என்பது நீச்சல் குளமாகும்.